அவருக்கு மட் டயர், எனக்கு ஆல் டெரைன்

என் மகளின் அப்பாவும் நானும் பிரிந்தபோது எல்லாவற்றையும் பங்கு போட்டுக்கொள்ள முடிந்தது, பிக்கப் வண்டியைத் தவிர. காஹாங் வீடும் அதன் பின்னால் இருந்த நாற்றுப்பண்ணையும் என் அப்பா வழியில் வந்தவை. அவை என்னிடமே நின்றன. அவர் சிங்கப்பூரில் வேலை பார்த்தார். அதனால் சிங்கப்பூருக்குப் போகிற இரண்டாம் பாலத்துக்குப் பக்கத்தில், கெலாங் பாத்தாவில் வாடகைக்கு ஒரு வீடு பார்த்துக்கொண்டு போனார். கட்டில், பீரோ, ஐஸ்பெட்டி, அல்மாரியில் இருந்த மாதா சிலை உட்பட எல்லாம் ஒரே மத்தியானத்தில் யாருக்கு எது என்று முடிவாகிவிட்டன. பிக்கப்பிடம் வந்தபோதுதான் நின்றோம். அதன் கெரான், அதாவது வண்டியின் பதிவுப் பத்திரம், அவர் பெயரில் இருந்தது. வண்டியால் பிழைப்பவளோ நான்.

நான் டுரியான் பழக் கன்று ஒட்டுக் கட்டி வளர்த்து விற்பவள். கன்று வாங்குகிற ஆட்களின் நிலம் தார்ச்சாலை ஓரத்தில் இருப்பதில்லை. எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டங்களைத் தாண்டி, செம்மண் பாதையில் ஏறி இறங்கி, பாலம் என்ற பெயரில் இரண்டு மரத்துண்டுகள் போட்டிருக்கும் ஓடையைக் கடந்துதான் அங்கே போக வேண்டும். மழை பெய்தால் நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வண்டி இல்லாமல் ஏற முடியாது.

வக்கீல் ஓர் ஏற்பாடு சொன்னார். திங்கள் முதல் வெள்ளி வரை பிக்கப் எனக்கு. சனி, ஞாயிறு அவருக்கு, நண்பர்களோடு காட்டுக்குள் வண்டி ஓட்டப் போக. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் தன்னுடைய சின்னக் காரில் ஆயர் ஹித்தாம் வரைக்கும் வருவார், நான் பிக்கப்பில் போவேன். அங்கே பெட்ரோல் நிலையத்தில் சாவிகளை மாற்றிக்கொள்வோம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திரும்ப ஒரு தடவை. வார நாட்களில் அவர் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டிப் போகிறவர் என்பதால் கார் அவருக்குத் தேவைப்படவில்லை. காகிதத்தில் பார்க்க நல்ல ஏற்பாடாகத்தான் இருந்தது.

இதை எழுதும்போதும் எனக்கு ‘அவர்’ என்றுதான் வருகிறது. அது மரியாதை இல்லை, பழக்கம். நேரில் பேசும்போது ‘நீங்க’வை விட்டுவிட்டு ‘நீ’க்கு மாறியிருந்தேன். முதல் தடவை அப்படிச் சொன்னபோது அவர் முகம் போன போக்கைப் பார்த்து, இதை முன்னாலேயே செய்திருக்க வேண்டும் என்று தோன்றியது. மாதா கோவிலில் சாமியார் எங்கள் இரண்டு பேரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு மன்னிப்பைப் பற்றிப் பேசினார். நான் கேட்டுக்கொண்டேன். அவரும் கேட்டுக்கொண்டதாகச் சொன்னார்கள். அதன் பிறகு, தெரிந்த முகங்களைத் தவிர்க்க, நான் ஞாயிறு காலைப் பூசையை விட்டுவிட்டுச் சனிக்கிழமை மாலைப் பூசைக்குப் போக ஆரம்பித்தேன்.

நாங்கள் கத்திச் சண்டை போடவில்லை. எங்கள் சண்டை வண்டிக்குள் நடந்தது. அவர் பிக்கப்பைத் திருப்பித் தரும்போது பெட்ரோல் முள் அடியில் படுத்திருக்கும். என் கால் எட்டாத தூரத்துக்கு இருக்கையைப் பின்னால் தள்ளி வைத்திருப்பார். தரை விரிப்பில் சேறு காய்ந்து ஓடு ஓடாக இருக்கும். நானும் சும்மா இருக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் கோழி எரு மூட்டைகளை ஏற்றி இறக்கிவிட்டு, பின்தட்டைக் கழுவாமல் கொண்டுபோய் நிறுத்துவேன். அவருடைய நண்பர்கள் அந்த வாடையைப் பற்றி என்ன சொன்னார்கள் என்று மகள் ஒருநாள் வந்து சொன்னாள். எனக்கு அன்றைக்குச் சோறு நன்றாக இறங்கியது.

மகளுக்கு அப்போது பத்தொன்பது வயது. ஜொகூர் பாருவில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு வாரக்கடைசி அவரோடு, அடுத்த வாரக்கடைசி என்னோடு. வெள்ளிக்கிழமைகளில் அவர்தான் அவளை ஆயர் ஹித்தாமுக்கு அழைத்து வருவார். எந்த வாரமானாலும் அவள் பின்சீட்டில்தான் உட்காருவாள். காதில் எதையாவது மாட்டிக்கொண்டிருப்பாள்.

டயர் பிரச்சினையைத் தொடங்கி வைத்தவர் ஒரு போலீஸ்காரர். குளுவாங்குக்கு வெளியே சாலைச் சோதனையில் வண்டியை ஓரம் கட்டச் சொன்னார். குனிந்து பார்த்தார், பூட்ஸ் நுனியால் முன்டயரைத் தட்டினார். டயரில் இருக்கும் வரிகளை மலாயில் பூ என்பார்கள். பூவெல்லாம் உதிர்ந்துபோச்சே என்று மலாயில் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு அபராதச் சம்மன் எழுதினார். ஓட்டியது நான், சம்மன் போனது கெலாங் பாத்தாவுக்கு. பதிவு அவர் பெயரில் அல்லவா.

அன்று இரவே போன் வந்தது. வண்டியை நான் கொன்றுகொண்டிருக்கிறேன் என்றார். சனி ஞாயிறுகளில் காட்டுக்குள் பாறை மேல் ஏற்றி இறக்குவது யார் என்று கேட்டேன். இரண்டு பேரும் மாற்றி மாற்றிப் பேசி, கடைசியில் வரும் சனிக்கிழமை காலை குளுவாங்கில் இருக்கும் டயர்கடையில் சந்திப்பது என்று முடிவானது. பிரிந்த பிறகு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு கடைக்குள் நுழைந்தது அன்றைக்குத்தான்.

கடை முதலாளி சீனர். சின்ன வயதில் ரப்பர் தோட்டத்துக் கடையில் வளர்ந்தவர் என்பதால் தமிழ் நன்றாகப் பேசுவார். முதலாளி என்கிற அர்த்தத்தில் தௌக்கே என்றுதான் ஊரே அவரைக் கூப்பிடும். நாங்கள் பிரிந்தது அவருக்குத் தெரியாது. புருஷன் பெண்டாட்டி என்று நினைத்து இரண்டு நாற்காலிகளைச் சேர்த்துப் போட்டார். நான் என் நாற்காலியை இழுத்துத் தள்ளிப் போட்டுக்கொண்டேன்.

என் மகளின் அப்பா உட்காரவே இல்லை. நேராகச் சுவரோரம் போய் ஒரு மட் டயரின் முன்னால் நின்றார். சேற்றுக்கென்றே செய்த டயர் அது. கட்டை கட்டையாகப் பெரிய பூ, நடுவில் விரல் முழுவதும் இறங்குகிற இடைவெளி. பக்கச் சுவரிலும் பல் பல்லாகத் துருத்திக்கொண்டிருந்தது. அதைத் தடவிப் பார்த்துக்கொண்டே, “இதுதான் இந்த வண்டிக்குச் சரியான டயர்” என்றார், என்னைப் பார்க்காமல், தௌக்கேயைப் பார்த்து.

நானும் தௌக்கேயைப் பார்த்தே சொன்னேன். வாரத்தில் ஐந்து நாள் இந்த வண்டி ஓடுவது பெரும்பாலும் தார்ச்சாலையில். காஹாங்கிலிருந்து குளுவாங், அங்கிருந்து லாபிஸ், பெக்கோக். மண் பாதை கடைசியில் கொஞ்ச தூரம்தான். மட் டயர் போட்டால் தார் மேல் வண்டு மாதிரி ரீங்காரம் போடும். அதையும் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் மழைத் தண்ணீர் நிற்கிற சாலையில் பிரேக் பிடித்தால் அந்தக் கட்டைப் பூ தாரைப் பிடிக்காது. பின்னால் கன்றும் ஈர மண்ணும் பாரம். எனக்கு இரண்டுக்கும் நடுவில் ஒன்று வேண்டும். சேற்றிலும் ஏற வேண்டும், ஈரத் தாரிலும் நிற்க வேண்டும். அதற்கு ஆல் டெரைன்தான்.

“சேத்துல மாட்டிக்கிட்டு நின்னாதான் தெரியும் உன் ஆல் டெரைன்” என்றார் அவர்.

“சேத்துல மாட்டுனா நிக்கலாம். ரோட்டுல நிக்காம போனா என்ன செய்யிறது?”

போன வருஷம் அவர் நண்பர்களோடு போன இடத்தில் வண்டி சேற்றில் புதைந்து, மற்றவர்கள் கயிறு கட்டி இழுத்து வெளியே எடுத்திருந்தார்கள். யாரோ அதைப் படம் பிடித்து அவர்கள் குழுவில் போட்டுவிட்டார். இது எனக்கு மகள் மூலம் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியும். நான் அதைச் சொல்லவில்லை, லேசாகச் சிரித்தேன். அதற்கே அவருடைய கழுத்து சிவந்துபோனது.

தௌக்கே நடுவில் புகுந்து, இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு ஆல் டெரைனை உருட்டிக்கொண்டு வந்தார். இதிலேயே கொஞ்சம் முரட்டுப் பூ உள்ளது இருக்கிறது என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் என் மகளின் அப்பா கையைக் காட்டி நிறுத்தினார்.

“ஒண்ணு பண்ணுங்க தௌக்கே. முன்னால ரெண்டு அவ கேக்குறதப் போடுங்க. பின்னால ரெண்டு நான் கேக்குறது.”

தௌக்கே உருட்டி வந்த டயரைச் சுவரில் சாய்த்து வைத்தார். அப்படிப் போட முடியாது, முன்னும் பின்னும் உயரம் வித்தியாசப்படும், நான்கு சக்கரத்தையும் சேர்த்து இழுக்கப் போட்டால் உள்ளே கியர் உடைந்துவிடும் என்றார். இது எனக்கும் தெரியும், அவருக்கும் நன்றாகத் தெரியும். தெரிந்துதான் சொன்னார். எனக்கு நல்லது கிடைப்பதைவிட வண்டி உடைந்துபோனாலும் பரவாயில்லை என்கிற இடத்துக்கு வந்திருந்தார்.

அன்றைக்கு எந்த டயரும் வாங்காமல் வெளியே வந்தோம். தௌக்கே கொண்டுவந்து வைத்த காப்பியைக்கூட நாங்கள் தொடவில்லை.

மறுவாரம் ஞாயிற்றுக்கிழமை. நான் ஆயர் ஹித்தாம் பெட்ரோல் நிலையத்தில் அவருடைய சின்னக் காரில் காத்துக்கொண்டிருந்தேன். பிக்கப் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னாலேயே சத்தம் வந்தது. மாவு மில் ஓடுகிற மாதிரி ஒரு முனகல். அது வளைவைத் திரும்பி உள்ளே வந்தபோது பார்த்தேன். நான்கும் புத்தம் புது மட் டயர். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வேறெங்கோ கொண்டுபோய்ப் போட்டிருந்தார். வண்டி உயர்ந்து, அகன்று, யாரையோ அடிக்க வருகிற மாதிரி இருந்தது.

ஆனால் நான் இறங்கி ஓடியது டயருக்காக இல்லை. வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தது என் மகள். லைசென்ஸ் எடுத்துச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. வழியெல்லாம் மழை. அவர் பக்கத்து இருக்கையில் கை கட்டி உட்கார்ந்திருந்தார்.

“ஹைவேயில இவள ஓட்ட விட்டியா? இந்த டயர்லயா?” என்று கேட்டேன்.

“நல்லாத்தான் ஓட்டுனா. உன்ன மாதிரி பயந்து சாகல.”

மகள் இறங்கி வந்தாள். சாவியை என் கையில் வைத்தாள். அவள் உள்ளங்கை ஈரமாக இருந்தது. தங்குமிடத்துக்குத் திரும்ப அவருடைய காரில் போய் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

அந்த டயரோடு நான் இரண்டு நாள் ஓட்டினேன். திங்கட்கிழமை வெயில்; சத்தத்தைத் தவிர வேறு குறை சொல்ல முடியவில்லை. செவ்வாய்க்கிழமை மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. பெக்கோக்குக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத்துக்காரருக்குக் கன்று ஏற்றிக்கொண்டு போய்க்கொண்டிருந்தேன். வேகமாகப் போகவில்லை. முன்னால் ஒரு சந்தி, சிவப்பு விளக்கு. வழக்கமாக மிதிக்கிற இடத்தில்தான் பிரேக்கை மிதித்தேன். வண்டி நிற்கவில்லை. சக்கரம் நின்றுவிட்டது, வண்டி மட்டும் போய்க்கொண்டிருந்தது. ஸ்டியரிங்கைத் திருப்பினேன், திரும்பியது ஸ்டியரிங் மட்டும்தான். பின்னால் கன்றுகள் சரிந்து கேபினில் மோதுகிற சத்தம் கேட்டது.

சந்தியில் ஒரு மலாய்க்காரப் பெண் மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் நின்றிருந்தாள். வண்டி அவளுடைய இடப்பக்கமாக வழுக்கிக்கொண்டு போய், கோட்டைத் தாண்டி நின்றது. என் பக்கக் கண்ணாடி அவளுடைய தோளை உரசாத குறையாகக் கடந்து போயிருக்க வேண்டும். படவில்லை. அவள் கத்தவில்லை. மோட்டாரை நிறுத்திவிட்டு இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டினாள். பிரேக் கெட்டுவிட்டதா அக்கா என்று மலாயில் கேட்டாள். நான் திட்டு எதிர்பார்த்திருந்தேன். பிரேக் இல்லை, டயர் என்றேன். அவள் குனிந்து அந்தப் பெரிய கட்டைப் பூவைப் பார்த்தாள். புதுசாக இருக்கிறதே என்றாள். பச்சை விளக்கு விழுந்ததும் அவள் போய்விட்டாள். பின்னால் நின்ற லாரிக்காரர் ஹாரன் அடிக்கும்வரை நான் போகவில்லை.

கன்றை இறக்கிவிட்டு நேராகக் குளுவாங்குக்கு வந்தேன். மணிக்கு முப்பது கிலோமீட்டருக்கு மேல் போகாமல், பின்னால் வருகிறவர்களையெல்லாம் முன்னால் விட்டுவிட்டு வந்தேன். பயம் வழியிலேயே கோபமாக மாறிவிட்டது. எனக்கு நடந்ததைவிட, அதே டயரில், அதே மாதிரி மழையில், என் பிள்ளை ஆயர் ஹித்தாம் வரைக்கும் ஓட்டி வந்தாள் என்பதுதான் நெஞ்சில் நின்றது.

தௌக்கே டயரைப் பார்த்ததும் விஷயத்தைப் புரிந்துகொண்டார். தன் கடையில் போடாமல் வேறு கடையில் போட்டுவிட்டார்களே என்கிற வருத்தம் அவருக்கு. இருந்தாலும், வண்டி அய்யா பேரில் இருக்கிறது, அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாமா என்று தயங்கினார். வண்டி யார் பேரில் இருந்தாலும் பிரேக் மிதிப்பது நான் என்றேன். அவர் ஆல் டெரைன்கள் அடுக்கியிருந்த பக்கம் நடந்தார்.

அன்று சாயங்காலம் நான் டயர் தேர்ந்தெடுத்தேன். எப்போதும் யாராவது சொல்வதைப் போட்டுக்கொண்டு போய்க்கொண்டிருந்தவள், முதல் தடவையாகத் தரையில் குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். அளவு பொருந்துகிற ஆல் டெரைன் மூன்று வகை இருந்தன. ஒன்றில் பூ அழகாக இருந்தது. ஆனால் பக்கச் சுவர் மெல்லிசு. செம்பனை மட்டையின் முள் குத்தினால் தாங்காது. இன்னொன்று முரடு. பக்கச் சுவரில் பொறித்திருந்த எண்களை விளக்கு அடித்துப் பார்த்தேன், அது செய்து நாளாகிக் கடையிலேயே கிடந்தது தெரிந்தது. ரப்பர் இறுகியிருக்கும், ஈரத்தில் இன்னும் மோசம். மூன்றாவது, நடுவில் நெருக்கமான பூ, ஓரத்தில் திறந்த பூ. ஒவ்வொரு கட்டையிலும் கத்தியால் கீறின மாதிரி மெல்லிய வெட்டுகள். ஈரத் தாரைப் பிடிப்பது அந்த வெட்டுகள்தான். பாரம் தாங்குமா என்று கேட்டேன். தாங்கும் என்று எண்ணைக் காட்டினார். அதன் ஒரு பக்கத்தில் பெரிய வெள்ளை எழுத்து இருந்தது. அந்தப் பக்கத்தை உள்பக்கமாகப் போடச் சொன்னேன். எனக்கு வண்டி யார் கண்ணையும் கவர வேண்டாம்.

கழற்றிய நான்கு மட் டயரையும் பின்தட்டில் ஏற்றச் சொன்னேன். வெள்ளிக்கிழமை வரை அவை அங்கேயே கிடந்தன. அவற்றை ஓரத்தில் தள்ளிவிட்டு மிச்ச இடத்தில்தான் கன்று ஏற்றினேன்.

வெள்ளிக்கிழமை ஆயர் ஹித்தாமுக்கு அவர் வருவதற்கு முன்னாலேயே போய்விட்டேன். பின்தட்டைத் திறந்து நான்கு டயரையும் ஒவ்வொன்றாக உருட்டிக் கீழே தள்ளினேன். ஒன்று காற்று அடிக்கிற இடம் வரைக்கும் ஓடிப்போய் விழுந்தது. கார் வந்து நின்றது. மகள் பின்சீட்டில் இருந்தாள். அது அவருடைய வாரம். அவர் இறங்கி முதலில் கீழே கிடந்த டயரைப் பார்த்தார், பிறகு வண்டியில் இருந்த டயரைப் பார்த்தார்.

“யாரக் கேட்டு மாத்துன?”

“நீ யாரக் கேட்டுப் போட்ட?”

“என் வண்டி. என் பேரு. போலீஸ்ல ரிப்போர்ட் எழுதுவேன்.”

“எழுது. நான் பெக்கோக் ரோட்டுல ஒரு பொம்பளையக் கொல்ல இருந்ததையும் சேத்து எழுதச் சொல்றேன்.”

அது அவரைக் கொஞ்சம் நிறுத்தியது. என்ன நடந்தது என்று கேட்டார். சொன்னேன். கேட்டுவிட்டு, எனக்கு ஓட்டத் தெரியவில்லை என்றார். மட் டயரில் தூரத்திலேயே பிரேக் பிடிக்க வேண்டும், அது ஒரு பழக்கம், காட்டில் ஓட்டுகிற ஆட்களுக்குத் தெரியும் என்று விளக்க ஆரம்பித்தார். நான் குறுக்கே பேசினேன். அவர் சத்தத்தைக் கூட்டினார். நானும் கூட்டினேன். பெட்ரோல் போட வந்தவர்கள் குழாயைப் பிடித்துக்கொண்டே எங்களைப் பார்த்தார்கள். எல்லோரும் பார்க்கட்டும் என்றுதான் எனக்கு இருந்தது.

காரின் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. மகள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினாள். எங்கே என்று இரண்டு பேரும் கேட்டோம்.

“பஸ்ல போறேன்” என்றாள். “இனிமே நான் வரணும்னா பஸ்லதான் வருவேன். உங்க ரெண்டு பேரு வண்டியும் எனக்கு வேணாம்.”

அவர் அவள் பின்னால் நாலு எட்டுப் போனார். அவள் திரும்பவில்லை. நான் போகவில்லை. போய்க் கூப்பிட்டிருந்தால் வந்திருப்பாளா என்று இன்றைக்கும் தெரியாது. அவள் சாலையைக் கடந்து, சாமான் கடைகளுக்கு நடுவில் நடந்து, பஸ் நிற்கிற பக்கம் மறைந்துபோனாள்.

நாங்கள் இரண்டு பேரும் நான்கு டயரும் மிஞ்சினோம். அவர் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பின்தட்டில் போட ஆரம்பித்தார். கனமான டயர், மூச்சு வாங்கியது. நான் கை கொடுக்கவில்லை. காற்று அடிக்கிற இடத்தில் கிடந்ததை எடுத்து வர அவர் போனபோது, பிக்கப் சாவியை அதன் இருக்கையில் போட்டுவிட்டு, சாவியோடு நின்ற அவருடைய காரில் ஏறிக் காஹாங் திரும்பிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வரவில்லை. போனில் செய்தி மட்டும் வந்தது: கார் உன்னிடமே இருக்கட்டும், வண்டி இனிமேல் வராது. வக்கீலிடம் போகலாம். ஆனால் அது மாதக்கணக்கில் இழுக்கும், கன்று காத்திருக்காது. நான் திங்கட்கிழமை காலையில் அந்தச் சின்னக் காரின் பின்சீட்டை மடக்கி, கன்றுகளை உள்ளே அடுக்கினேன். மண் பையெல்லாம் ஈரம். இலை என் காதை உரச, கண்ணாடியில் பின்னால் எதுவும் தெரியாமல் ஓட்டினேன். ஒரு நடையில் முடிய வேண்டியதற்கு மூன்று நடை, நான்கு நடை. அவர் வாரா வாரம் துடைத்துத் துடைத்து வைத்திருந்த இருக்கையெல்லாம் செம்மண் நிறமானது. அந்தக் காரை இரக்கமில்லாமல் ஓட்டினேன். கல்லில் அடி இடிக்கும்போதெல்லாம் ஒரு திருப்தி.

பல வாரம் தாங்கியது. ஒரு சனிக்கிழமை, பெக்கோக்கைத் தாண்டி ஒரு புதுத் தோப்பில், மழைக்குப் பிறகு இறக்கத்தில் போனபோது பெரிய இடியாக இடித்தது. கன்று இறக்கிவிட்டுத் திரும்பலாம் என்று பார்த்தால் கீழே எண்ணெய் சொட்டுச் சொட்டாக இல்லை, ஒழுகிக்கொண்டு நின்றது. எஞ்சின் எண்ணெய்த் தொட்டி உடைந்திருந்தது. மேலே ஏற வேண்டிய பாதை முழுக்க வழவழப்பான செம்மண். தோப்புக்காரர் ஊரில் இல்லை. இழுத்துவிட ஆள் தேட இரண்டு பேருக்குப் போன் செய்தேன், கிடைக்கவில்லை. மூன்றாவதாக அவருக்குப் போன் செய்தேன். உன் கார் உடைந்துபோச்சு, வந்து எடுத்துக்கோ என்றேன்.

மத்தியானத்துக்கு மேல் வந்தார். மழை திரும்பவும் தூற ஆரம்பித்திருந்தது. பிக்கப் அந்த இறக்கத்தில் இறங்கி வருவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். சத்தம் இல்லை. கிட்டே வந்ததும் டயரைப் பார்த்தேன். நான் போட்ட ஆல் டெரைன்கள் நான்கும் அப்படியே இருந்தன. நான் பார்த்ததை அவர் பார்த்துவிட்டார்.

“மாத்த நேரம் கெடைக்கல” என்றார்.

நேரம் கிடைக்காமல் இத்தனை வாரமா என்று கேட்கவில்லை. அவர் காரைச் சுற்றி வந்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். இருக்கையில் இருந்த சேற்றை விரலால் தொட்டுப் பார்த்தார். தாடை இறுகியது. கெட்ட வார்த்தை ஒன்று வந்தது, அதைப் பாதியில் விழுங்கிக்கொண்டார். பிறகு கயிற்றை எடுத்து இரண்டு வண்டிக்கும் நடுவில் கட்டினார். நான் காரில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டேன்.

ஏற்றத்தில் பாதி தூரம் போனதும் பிக்கப்பின் பின்சக்கரம் கொஞ்சம் சுற்றியது. அவர் நிறுத்தினார். இறங்கி, நான்கு டயரிலும் கொஞ்சம் காற்றைப் பிடுங்கினார். திரும்ப ஏறி, நான்கு சக்கரத்தையும் சேர்த்துப் போட்டு, கீழ் கியரில் மெதுவாக இழுத்தார். டயர் மண்ணைக் கவ்வியது. பூவுக்குள் சேறு ஒட்டி, அடுத்த சுற்றில் உதிர்ந்து, திரும்பவும் கவ்வியது. கார் என் கீழே முனகிக்கொண்டே ஏறியது. மேலே சமதளத்துக்கு வந்ததும் இரண்டு பேரும் இறங்கினோம்.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. “டயர் எப்படி?” என்றேன்.

அவர் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே, “உனக்கு என் வாயால ஒரு வார்த்தை வேணும், அதான? குடுக்க மாட்டேன்” என்றார்.

“வார்த்தை வேணாம். கெரானக் குடு.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். மழை இரண்டு பேர் மேலும் பெய்துகொண்டிருந்தது. நான் நின்ற இடத்திலேயே சொன்னேன். காரை நான் செய்து தருகிறேன், எஞ்சின் போயிருந்தாலும் சரி, இருக்கைத் துணி முதற்கொண்டு மாற்றித் தருகிறேன். பிக்கப் என் பெயருக்கு வர வேண்டும். அதற்கு நியாயமான விலை என்னவோ அதை வக்கீல் சொல்லட்டும். வெள்ளிக்கிழமை, ஞாயிற்றுக்கிழமை எதுவும் வேண்டாம். இனிமேல் நாம் இரண்டு பேரும் எதையும் பொதுவாக வைத்துக்கொள்ள வேண்டாம். பிள்ளை பஸ்ஸில் போகிறாள், பார்த்தாய் அல்லவா, என் போனைக்கூட எடுப்பதில்லை என்றேன்.

அவர் நெடுநேரம் கயிற்றைச் சுருட்டினார். சுருட்டியதைத் திரும்பப் பிரித்துச் சுருட்டினார்.

“அவ எனக்கும் போன் எடுக்குறதில்ல” என்றார். பிறகு, “சரி லா, எடுத்துத் தொல” என்றார்.

சாலைப் போக்குவரத்து அலுவலகத்தில் பெயர் மாற்றப் போன அன்று, இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று பெருவிரலை வைக்க வேண்டியிருந்தது. முகப்பில் இருந்த பெண் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டுக் கணவன் மனைவியா என்று கேட்டாள். இல்லை என்று ஒரே நேரத்தில் சொன்னோம். வெளியே வந்ததும் சாவியைப் பிக்கப்பின் கூரை மேல் வைத்துவிட்டு நடந்து போனார். நானும் கூப்பிடவில்லை. அடுத்த வருஷம் அவர் தனக்கென்று பழைய ஜீப் ஒன்றை வாங்கி மட் டயர் போட்டுக்கொண்டதாக மகள் சொன்னாள். அவள் மாதம் ஒரு தடவை என்னிடம் வருவாள், பஸ்ஸில்தான். காஹாங் கடைத்தெருவில் போய் அழைத்து வருவேன். முதல் சில மாதம் வண்டியில் ஏறும்போது பின்கதவைத்தான் திறந்தாள். பிறகு என்றைக்கோ முன்பக்கம் ஏறினாள்.

இந்த வருஷம் அந்த ஆல் டெரைன்களும் தேய்ந்துபோயின. மழைக்காலத்துக்கு முன்னால் மாற்றிவிடலாம் என்று குளுவாங்குக்குப் போனேன். தௌக்கேவுக்கு இப்போது எல்லாம் தெரியும். ஒரே நாற்காலியைத்தான் போட்டார். புதிதாக வந்த இரண்டு வகையைக் காட்டினார். குந்தி உட்கார்ந்து தடவிப் பார்த்தேன், எண்ணைப் பார்த்தேன், ஒன்றைக் காட்டி இதைப் போடுங்கள் என்றேன். யாரும் குறுக்கே பேசவில்லை. அவ்வளவு சீக்கிரம் முடிந்துவிட்டதில் எனக்கே என்னவோ போல இருந்தது.

வண்டியைத் தூக்கி டயரைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, என் வாய் முணுமுணுத்துக்கொண்டிருப்பதைக் கவனித்தேன். பக்கச் சுவர் ஏன் தடிமனாக இருக்க வேண்டும், பூ ஏன் இவ்வளவு நெருக்கம், சேற்றில் மாட்டினால் என்ன செய்வேன் என்று ஒவ்வொன்றாக விளக்கிக்கொண்டிருந்தேன். என் மகளின் அப்பா கேட்டிருக்கக்கூடிய ஒவ்வொரு கேள்விக்கும், அவர் சொல்லியிருக்கக்கூடிய ஒவ்வொரு குத்தலுக்கும் காரமாகப் பதில். சில பதில்கள் நன்றாகவே இருந்தன. அவற்றைச் சொல்லி முடிப்பதற்குள் நான்கு டயரையும் பூட்டிவிட்டார்கள். தௌக்கே காப்பி கொண்டுவந்து கொடுத்தார், குடித்தேன். மத்தியானத்துக்குள் பெக்கோக் போக வேண்டியிருந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.